விளக்கமாறையும் படம் எடுக்கலாம்



இந்த வாரம் உரம், பூச்சி, விலை எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, செல்போன்ல படம் எடுக்கிறதைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். கடைசியில இதுவும் கத்தரிச் செடியிலதான் வந்து நிக்கப் போகுது. அதனால விவசாயம் எங்கேன்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். ஊர்நாட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரும் தன் வீட்டையும் தன் கொல்லையையும் தானே படம் எடுக்கணும். தினம் ஒண்ணு எடுத்தாக் கூடப் போதும். திருவிழா, காதுகுத்து, புது வண்டி எல்லாம் தானா படமாயிடும், அதைச் சொல்லலை. அடுப்பு, அம்மி, திண்ணை, சாணிக்குழி, முருங்கைக் கிளை, கத்தரிப் பூ இதைச் சொல்றேன். இதை நாம எடுக்கலேன்னா வேற யாரும் எடுக்கப் போறதில்ல. அப்படியே எடுத்தாலும் அவங்களுக்குப் புடிச்ச மாதிரிதான் எடுப்பாங்க.

நான் குனிஞ்சு உக்காந்து ஒரு கத்தரிக்காயைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தப்போ, வரப்புல போன ஒரு தம்பி, "என்ன சித்தப்பா, கத்தரிக்காய்க்கு ஆதார் கார்டு எடுக்கிறியளா?"ன்னு கேட்டுட்டுப் போனான். நானும் சிரிச்சேன். ஆனா அவன் கேட்டதுக்குப் பின்னாடி ஒரு நினைப்பு இருக்கு. படம்னா அது விசேஷத்துக்குத்தான், இல்லேன்னா ஊட்டி, கொடைக்கானல் மாதிரி அழகான ஊருக்குப் போனாத்தான். நம்ம வீட்டுல என்ன இருக்கு எடுக்கிறதுக்கு? இந்த நினைப்பு தப்புன்னுதான் நான் வாதாடுறேன்.

ஒரு பலாமரம்

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியக்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்க புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளயும் புகுந்து போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தென்னை, பலா, தேக்கு, வாழை எல்லாம் ஒரே ராத்திரியில சாஞ்சு கிடந்துச்சு. எங்க தெருவுல ஒரு பெரிய பலாமரம் இருந்துச்சு. மூணு தலைமுறை பார்த்த மரம். பிள்ளைங்க விளையாடுறது, கல்யாணத்துக்குக் காய் நறுக்குறது, பெருசுக தாயம் ஆடுறது எல்லாம் அதுக்கு அடியிலதான். அதுவும் போச்சு.

ஒரு மாசம் கழிச்சு, அந்த மரத்தோட படம் ஒண்ணு வேணும்னு தெருவே தேடிச்சு. கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. பழைய கல்யாண ஆல்பம் ஒண்ணுல, மாப்பிள்ளை கார்ல ஏறுற படத்துக்குப் பின்னால அடிமரம் பாதி தெரியுது. அத்தனை பேரு போன்லயும் ஆயிரக்கணக்குல படம் இருந்துச்சு. மரம் மட்டும் இல்ல. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. தினம் பாக்குற மரத்தை யாரு படம் எடுப்பா?

ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்மகிட்டேருந்து போறதெல்லாம் தினம் பாக்குற பொருள்தான். நெல்லு கொட்டி வச்ச குதிர் போச்சு. மாட்டை வச்சு கவலை இறைச்சது போச்சு. பனையோலைப் பெட்டி, மண் அடுப்பு, கீத்து முடையிற கை, கடலை உடைக்க வட்டமா உக்காந்த பொம்பளைங்க கூட்டம், ஒவ்வொண்ணா போய்க்கிட்டு இருக்கு. போகும்போது இது எதுவும் சொல்லிட்டுப் போகாது.

வந்து எடுத்துட்டுப் போறவங்க

தை பிறந்தா பட்டணத்துலேருந்து பெரிய கேமராவோட ஆளுங்க வருவாங்க. வர்றதுல நமக்குச் சந்தோஷம்தான், மோர் குடுத்து உக்கார வச்சுப் பேசுவோம். ஆனா அவங்க கேக்குறதைப் பாக்கணும். பக்கத்துக் கொல்லைக்காரர் எழுபது வயசு மனுஷன், சட்டை போட்டு, கைக்கடிகாரம் கட்டி, பம்புசெட்டுல ஸ்டார்ட்டரைக் கழட்டித் தேச்சுக்கிட்டு இருந்தாரு. அவரை வெளியில கூப்பிட்டு, "ஐயா, சட்டையைக் கழட்டிட்டு, மண்வெட்டியைப் பிடிச்சுக்கிட்டு, நெத்தியில கையை வச்சு வானத்தைப் பாருங்க"ன்னாங்க. அது கம்மாய் நிரம்பிக் கிடந்த வருஷம். அவரும் பாவம் பாத்தாரு. பாத்துட்டு, "மேல என்னப்பா இருக்கு?"ன்னு கேட்டாரு.

அந்தப் படம் எங்கேயாவது நாலு பேருகிட்ட நல்ல பேரு வாங்கியிருக்கும். வெடிச்ச நிலம், சுருங்குன முகம், வானம் பாக்குற விவசாயி. அப்படிப்பட்ட நாளும் நமக்கு உண்டு, பொய் சொல்லலை. ஆனா எழுபது வயசுல ஸ்டார்ட்டர் கான்டாக்டைத் தானே தேச்சுச் சரி பண்ணுற கை இருக்கே, அது யாரு படத்துலயும் இல்ல. அந்த ஆளோட அசலான திறமை அதுதான். அதை எடுக்கணும்னா அவரைத் தினமும் பாக்குற ஆளுதான் எடுக்க முடியும். அதாவது நாம.

முதல் படங்கள் எதை எடுத்தாங்க?

எங்க வீட்டுப் பிள்ளை நூலகத்துலேருந்து கொண்டாந்த புகைப்பட வரலாறு புத்தகம் ஒண்ணைப் படிச்சப்போதான் எனக்கு இந்த விஷயத்துல தைரியமே வந்துச்சு. இங்கிலாந்துல வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்னு ஒருத்தர். காகிதத்துல படம் புடிக்கிற முறையைக் கண்டுபிடிச்சவங்கள்ல முக்கியமானவர். 1844-லேருந்து 'பென்சில் ஆஃப் நேச்சர்'னு ஒரு புத்தகத்தைப் பகுதி பகுதியா வெளியிட்டாரு. இயற்கையோட பென்சில்னு அர்த்தம். புகைப்படத்தை அச்சுல போட வழியில்லாத காலம், அதனால அசல் புகைப்படங்களையே ஒட்டி வித்த புத்தகம் அது. உலகத்துக்கே புதுசான ஒரு கருவி கையில இருக்கு, அதுல அவர் என்ன எடுத்தாருன்னு பாருங்க. பாதி திறந்த ஒரு கதவு, அதுல சாத்தி வச்ச ஒரு விளக்கமாறு, பக்கத்துல தொங்குற லாந்தர். இன்னொரு படம், ஏணி சாத்தி வச்ச ஒரு வைக்கோல் போர். எல்லாம் அவரு வீட்டுப் பக்கத்துலயே எடுத்தது.

அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல ஜெரிகோன்னு ஒரு ஊர். அங்க வில்சன் பென்ட்லின்னு ஒரு விவசாயி இருந்தாரு. பனி கொட்டுற நாடு. கேமராவை மைக்ராஸ்கோப்போட சேர்த்துக் கட்டி, விழுகிற பனித்துகளை உருகிப் போறதுக்குள்ள படம் எடுத்தாரு. 1885 ஜனவரியில முதல் படம் சரியா வந்துச்சு, அப்போ அவருக்கு 19 வயசு. 1931-ல சாகுற வரைக்கும் 5000-க்கு மேல எடுத்து வச்சுட்டுப் போனாரு. பனித்துகளோட ஆறு முனை அழகை உலகம் பாத்தது பெரும்பாலும் இவரு படத்துலதான். வேலையில்லாத ஆளு இல்ல, பண்ணை வேலையும் பாத்துக்கிட்டுத்தான் எடுத்தாரு. வீட்டு வாசல்ல விழுந்ததைத்தான் எடுத்தாரு.

நம்ம பக்கத்துல மா. கிருஷ்ணன் இருக்காரு. நாவல் எழுதுன அ. மாதவையாவோட மகன். 1912-ல பிறந்தவர். யானையையும் கறுப்பு வெள்ளையில எடுத்தாரு, காக்கா, அணில் மாதிரி நம்ம கண் முன்னாடி ஓடுறதையும் விடாம பாத்து எழுதினாரு. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில 1950-லேருந்து 1996-ல இறக்குற வரைக்கும் பத்தி எழுதினாரு. அவரு கேமராவே வேற வேற கேமராவோட பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கிட்டதுதான். நம்ம ஊர்ல டிராக்டர் பாகத்தை வச்சு எஞ்சின் ஓட்டுற கதைதான்.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, விலை கூடின கேமராவும் தூர தேசமும் இருந்தாத்தான் படம்னு இல்ல. அந்த மூணு பேருக்கும் ஒண்ணு பொது. கண் முன்னாடி இருக்கிறதைச் சலிக்காம திரும்பத் திரும்பப் பாத்திருக்காங்க. அந்தப் பழக்கம் விவசாயிக்கு ஏற்கனவே இருக்கு. செடி வாடுறது இலை பாத்தே தெரியும், மாடு சினையான்னு நடை பாத்தே தெரியும். கண்ணு தயாரா இருக்கு. போனை எடுக்கிறதுதான் பாக்கி.

வீட்டுக்குள்ள செஞ்சு பாத்தது

முதல் வேலை, லென்ஸைத் துடைக்கிறது. சிரிக்காதீங்க. நம்ம போன் மடியில கிடக்கும், கடலை மண்ணு, விபூதி, புகையிலைத் தூள் எல்லாம் படிஞ்சிருக்கும். சுத்தமான பருத்தித் துணியால மெதுவா துடைச்சுட்டு எடுத்துப் பாருங்க, புதுப் போன் வாங்கின மாதிரி இருக்கும்.

ரெண்டாவது வெளிச்சம். உச்சி வெயில்ல எடுத்தா மூஞ்சியில கண்ணுக்குழி கறுப்பாயிடும், வெள்ளைப் பொருள் எல்லாம் வெளுத்துப் போயிடும். காலையில ஒம்பது மணிக்குள்ள, சாயங்காலம் நாலரைக்கு மேல நல்லது. நடுப்பகல்ல எடுத்தே ஆகணும்னா திண்ணைக்கு வாங்க. திண்ணையில வெளிச்சம் ஒரு பக்கத்துலேருந்துதான் வரும். ஒரு கத்தரிக்காயை அங்க வச்சுப் பாருங்க, ஒரு பக்கம் மினுக்கும், ஒரு பக்கம் இருட்டும், காயோட உருண்டை அப்படியே கையில எடுக்கலாம் போல வரும். இருட்டுப் பக்கம் ரொம்பக் கறுத்துப் போனா ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தையோ, வெள்ளைச் சாக்கையோ அந்தப் பக்கம் நிமித்திப் பிடிச்சாப் போதும், வெளிச்சம் திரும்பி வந்து விழும். வெயில் நேரா அடிச்சா நடுவுல ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிடுங்க. பின்னால கண்டதெல்லாம் தெரியுதா, கறுப்புக் குடையை விரிச்சு வைங்க.

எட்வர்ட் வெஸ்டன்னு ஒருத்தர் 1930-ல ஒரு குடைமிளகாயை ஒரு தகரப் புனலுக்குள்ள வச்சு எடுத்த படம் இன்னைக்கும் உலகம் பூரா பேசுறாங்க. நம்ம வீட்டுல மண்ணெண்ணெய் ஊத்தின பழைய புனல் எங்கேயாவது கிடக்கும். எடுத்துக் கழுவிட்டு செஞ்சு பாருங்களேன்.

ஓட்டு வீடு இருக்கிறவங்க குடுத்து வச்சவங்க. கூரையில வெளிச்சத்துக்குன்னு ஒரு கண்ணாடி ஓடு போட்டிருப்பாங்க இல்லையா, பத்து மணிக்கு அதுவழியா ஒரு கம்பு மாதிரி வெயில் இறங்கும். அடுப்புல புகை எழும்பினா அந்தக் கம்பு கண்ணுக்கு நல்லாத் தெரியும். அதுக்குப் பக்கத்துல வீட்டம்மா ரசம் தாளிச்சா அது போதும் படத்துக்கு. ஆவியை எடுக்க ஒரு வழி, வெளிச்சம் அதுக்குப் பின்னாலேருந்து வரணும், பின்னணி இருட்டா இருக்கணும். இட்லி குண்டானைத் திறக்கிறப்போ சன்னலுக்கு எதிர்ப் பக்கம் நின்னு எடுத்துப் பாருங்க.

போன் திரையில எதை எடுக்கணுமோ அது மேல விரலை வச்சா, பெரும்பாலான போன்ல பக்கத்துல ஒரு சூரியன் மாதிரி குறி வரும். அதைக் கீழே இழுத்தா வெளிச்சம் குறையும். தும்பைப்பூ, கொக்கு, அரிசிமாவுக் கோலம் மாதிரி வெள்ளைப் பொருளுக்கு அதைக் கொஞ்சம் குறைச்சாத்தான் உள்ள இருக்கிற விவரம் தெரியும். கோலத்தை மேலேருந்து எடுக்கிறதை விட, சூரியன் கிளம்புற நேரத்துல தரையோட தரையா குனிஞ்சு எடுத்துப் பாருங்க. மாவு மேடு மேடா தெரியும். பச்சரிசி மாவா இருந்தா அரை மணியில எறும்பு வரிசை கட்டிடும், அது இன்னொரு படம்.

கொல்லையில செஞ்சு பாத்தது

மார்கழிப் பனியில சிலந்தி வலை எடுக்கிறது எல்லாரும் செய்யக்கூடியது. வலையில நீர் கோத்திருக்கும். சூரியனுக்கு எதிரே நின்னு, வலைக்குப் பின்னால இருட்டான புதர் வர்ற மாதிரி எடுத்தா, மணி மணியா மின்னும். எட்டு மணிக்கு மேல போனா பனி போயிடும், வலை இருக்கிறதே தெரியாது.

சின்னப் பொருளை எடுக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு வாங்கினது வீட்டுல கிடக்கும். போன் லென்ஸுக்கு முன்னால ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு, போனையே மெதுவா முன்ன பின்ன நகத்துங்க. ஒரு இடத்துல பளிச்சுன்னு தெளியும், அங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அமுக்கணும். முழங்கையை முட்டி மேல ஊணிக்கங்க, ஆடாது.

இங்கதான் கத்தரிச் செடி வருது. இலைக்கு அடியில அசுவினி கூட்டமா இருக்கும். அதுக்கு நடுவுல கறுப்பா, உடம்புல செம்மஞ்சள் புள்ளியோட, குட்டி முதலை மாதிரி ஒண்ணு ஊர்ந்துக்கிட்டு இருக்கும். பாக்கப் பயமா இருக்கும். எங்க பக்கம் அதைப் பாத்ததும் "புதுப் புழு வந்துடுச்சு"ன்னு மருந்துக் கடைக்கு ஓடுறவங்க நிறைய. அது பொறிவண்டோட புழு. அசுவினியைத் தின்கிறது அதுதான், நமக்குக் கூலி வாங்காத ஆளு. அதே கத்தரியில இன்னொரு புள்ளி வண்டும் உண்டு. அது இலையைச் சுரண்டித் தின்னு சல்லடை மாதிரி ஆக்கிடும். அதோட புழு மஞ்சளா, உடம்பு பூரா முள்ளு முள்ளா இருக்கும். வெறுங்கண்ணுல ரெண்டும் புழுதான். பூதக்கண்ணாடி வச்சு எடுத்து, படத்தைப் பெருசாக்கிப் பாத்தா ரெண்டும் வேற வேற ஜாதின்னு சின்னப் பிள்ளையும் சொல்லிடும். ஒரு டேங்க் மருந்து விலை என்ன, அடிக்கிற ஆளுக்குக் கூலி என்னன்னு உங்களுக்கே தெரியும். வேலை வெட்டி இல்லாதவன் செய்யுறதுன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கட்டும்.

இன்னொண்ணு, ஒரே இடத்துலேருந்து எடுக்கிறது. பம்புசெட்டு ரூம் வாசல்படியில நின்னு, எதிரே தெரியுற வயலை வாரத்துக்கு ஒரு தடவை எடுங்க. நின்ன இடமும் பாத்த திசையும் மாறக்கூடாது. நாத்து நட்டதுலேருந்து அறுப்பு வரைக்கும் பதினைஞ்சு படம் சேரும். வரிசையா தள்ளிப் பாத்தா, எந்த மூலை முதல்ல மஞ்சளாச்சு, எங்க தண்ணி தேங்கி நின்னுச்சுன்னு தெரியும். தினம் பாக்குறதால நம்ம கண்ணுக்குப் பிடிபடாதது அதுல பிடிபடும். அடுத்த போகத்துல எங்க மண்ணு கூட்டணும், எங்க வடிகால் எடுக்கணும்னு அதுவே சொல்லிடும்.

கேமராவே இல்லாம ஒரு படம்

இது பிள்ளைங்களோட சேர்ந்து செய்ய வேண்டியது. வேட்டியில சாம்பார் கறை பட்டா என்ன ஆகும்? சோப்பு போட்டா சிவக்கும், வெயில்ல காயப் போட்டா காணாமப் போயிடும். மஞ்சளோட குணம் அது. காரம் பட்டாச் சிவக்கும், வெயில் பட்டா வெளுக்கும். இதை வச்சே படம் எடுக்கலாம்.

ரெண்டு ஸ்பூன் மஞ்சள்தூளை மருந்துக் கடையில விக்கிற ஸ்பிரிட்ல கலக்கி, மெல்லிசுத் துணியில வடிகட்டி, கெட்டியான வெள்ளைக் காகிதத்துல நிழல்ல வச்சுத் தடவிக் காயவிடுங்க. ஸ்பிரிட் சட்டுனு தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமே கொண்டு போகக் கூடாது, பெரியவங்க கூட இருக்கணும். காஞ்ச காகிதத்து மேல வேப்பங்கொழுந்தோ முருங்கை ஈர்க்கோ வச்சு, பழைய போட்டோ சட்டத்துலேருந்து எடுத்த கண்ணாடியால அமுக்கி, வெயில்ல வைங்க. சித்திரை வெயில்னா காலையில வச்சா மத்தியானத்துக்குள்ள ஆயிடும். இலையை எடுத்தா, இலை மறைச்ச இடம் மஞ்சளாவும் மத்த இடம் வெளுத்தும் இருக்கும். அது மேல சுண்ணாம்புத் தெளிநீரை லேசாத் தெளிச்சா, மஞ்சள் மிச்சம் இருக்கிற இடம் மட்டும் ஆரத்தி மாதிரி சிவக்கும். வேப்பிலை செவப்பா காகிதத்துல நிக்கும்.

ஜான் ஹெர்ஷல்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1842-லயே பூச்சாறை வச்சு இப்படிச் செஞ்சு பாத்திருக்காரு. அதே வருஷம் அவரு கண்டுபிடிச்ச நீலப்பட முறையை வச்சு அன்னா அட்கின்ஸ்னு ஒரு அம்மா கடற்பாசிகளைக் காகிதத்துல வச்சு வெயில்ல காட்டி, 1843-லேருந்து புத்தகமாவே போட்டாங்க. மஞ்சள் படம் ரொம்ப நாள் தாங்காது, வெளிச்சம் பட்டா அதுவும் வெளுத்துடும். புத்தகத்துக்குள்ள வச்சுக்கணும். ஆனா வெளிச்சம்தான் படம் வரையுதுன்னு பிள்ளைங்களுக்குப் புரிய வைக்க இதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியலை.

செய்யக்கூடாதது

இதுல நான் கண்டிப்பா இருப்பேன். குருவிக்கூட்டை நோண்டிப் படம் எடுக்காதீங்க. தையல்சிட்டு இலையைத் தைச்சுக் கூடு கட்டியிருக்கும். நல்லாத் தெரியட்டும்னு இலையை விலக்கினா, வெயில் நேரா குஞ்சு மேல அடிக்கும். நாம அங்க நின்னு பாக்குறதைப் பக்கத்து மரத்துல காக்கா பாத்துக்கிட்டே இருக்கும். நாம கிளம்பினதும் அது இறங்கும். காட்டுயிர்ப் படப் போட்டிகள் பலதுல இப்பல்லாம் கூட்டுப் படத்தை எடுத்துக்கிறதே இல்ல. குஞ்சு பறந்த பிறகு காலிக் கூட்டை நல்லா எடுங்க, அதோட தையலைப் பாத்து அசந்து போவீங்க.

பூச்சியைக் குளிர்பெட்டியில வச்சு மரத்துப் போக வச்சு எடுக்கிறது, பசை போட்டு ஒட்டுறது இதெல்லாம் சில பேரு செய்யுறாங்க. வேண்டாம். பாம்புகிட்டப் போய் போனை நீட்டாதீங்க. தேன்கூட்டுக்கும் அதேதான்.

மனுஷங்களை எடுக்கிறப்போ கேட்டுட்டு எடுங்க. நம்ம ஊருதானேன்னு உரிமை எடுத்துக்கக் கூடாது. பம்புசெட்டு, கிணத்தடி, கம்மாய்ப் படித்துறைப் பக்கம் போனை வெளியிலயே எடுக்காதீங்க. அப்பத்தாமார்களை எடுக்கணும்னா ஆத்தா, எடுக்கட்டுமான்னு கேளுங்க. "இரு, சீலையை மாத்திட்டு வாரேன்"னா மாத்திட்டே வரட்டும். அவங்க எப்படித் தெரியணும்னு முடிவு பண்ண வேண்டியது அவங்கதான். சட்டையைக் கழட்டச் சொன்னவங்களுக்கும் நமக்கும் இந்த ஒரு விஷயத்துலயாவது வித்தியாசம் இருக்கணும்.

எடுத்ததைக் காப்பாத்துறது

போன் கிணத்துல விழும், மாடு மிதிக்கும், பேரன் அழிச்சிடுவான். வாட்ஸ்அப்ல அனுப்பின படம் சுருங்கித்தான் போகும். முழுசா அனுப்பணும்னா டாக்குமென்ட்டா அனுப்பணும். மாசத்துக்கு ஒரு தடவை நல்ல படங்களை மெமரி கார்டுலயோ கம்ப்யூட்டர்லயோ ஏத்தி வைங்க. வருஷத்துக்கு ஒரு இருபது படத்தை டவுன்ல ஸ்டுடியோவுல குடுத்துக் காகிதத்துல போட்டுடுங்க. மத்த செலவோட பாத்தா அது பெரிய காசு இல்ல.

காகிதப் படத்துக்குப் பின்னால பென்சிலால மூணு விஷயம் எழுதணும். தேதி, இடம், பொருளோட பேரு. பேரு ரொம்ப முக்கியம். மேழி, நுகத்தடி, பூட்டாங்கயிறு, மத்து, உறி, முறம், சொளகு. எங்க பக்கம் ஒரு பேரு, பத்து மைல் தள்ளி வேற பேரு. படம் இருந்து பேரு போயிட்டா நாளைக்குப் பாக்குற பிள்ளைக்கு அது ஒரு கட்டைதான்.

அதனால இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. பரண்ல, மாட்டுக்கொட்டகையில, வீட்டுப் பின்னால எங்கேயாவது கிடக்கிற ஒரு பழைய சாமானை எடுத்துத் தூசி தட்டி, திண்ணை வெளிச்சத்துல வச்சு ஒரு படம் எடுங்க. வீட்டுல மூத்தவங்ககிட்ட அதோட பேரையும், அதை வச்சு என்ன செஞ்சாங்கன்னும் கேட்டு எழுதிக்கங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடியே செஞ்சுடுங்க. ஒழுகுற கொட்டகையில எந்த மரச்சாமானும் ரொம்ப நாள் நிக்காது, கரையான் முந்திக்கும்.